வெண்ணெய் ஒரு கப்

பிப்ரவரி 4

பெருமதிப்பிற்குரிய பேக்கரி உரிமையாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலமாக இருக்கிறோம். தங்கள் நலத்தையும் தங்கள் அடுப்பின் நலத்தையும் அறிய விரும்புகிறேன்.

நான் யார் என்பது உறையின் பின்பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஐந்து வருடங்களுக்கு முன் தங்கள் கடைத் தராசைச் சோதிக்க வந்து, நான்கு கிராம் பிழை கண்டு, அதற்கு ஒரு நாள் முத்திரை வைத்துவிட்டுப் போன எடையளவு ஆய்வாளர். பிறகு தங்களைக் கேட்காமல் தங்கள் மகளைத் திருமணம் செய்துகொண்டவன். அதிலிருந்து இந்த மூன்று வருடமாகத் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதையும் அறிவேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. இது வெண்ணெய் பற்றியது.

சென்ற மாதம் என் மனைவி பேச்சுவாக்கில், "எங்கம்மா செய்யற பட்டர் கேக் இருக்கே..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

பிறகு அவளுடைய பழைய கைப்பையில் ஒரு தாள் கிடைத்தது. தங்கள் கடை ரசீதின் பின்பக்கம், தங்கள் கையெழுத்து: 'பட்டர் கேக். மாவு 150 கிராம். சர்க்கரை 150 கிராம். முட்டை மூன்று. வெண்ணெய் ஒரு கப். நடுச் சூடு, முக்கால் மணி.'

மற்றதெல்லாம் தெளிவு. ஆனால் கப் என்றால் எந்தக் கப்? அலுவலக நூலகத்தில் மூன்று புத்தகங்களைப் பார்த்தேன். ஒன்று இருநூற்று ஐம்பது மில்லி என்கிறது. இன்னொன்று இருநூற்று நாற்பது. மூன்றாவது 'வசதியான ஒரு கப்' என்கிறது. அதன் ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒரு கப் வெண்ணெய் 227 கிராம் என்று இரண்டாவது புத்தகத்தில் இருந்ததை நம்பிச் செய்தேன். கேக்கைத் தட்டில் கவிழ்க்க முடியவில்லை, ஊற்ற முடிந்தது. என் மனைவி அதைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆகஸ்ட் 19 அவளுக்குப் பிறந்தநாள். அதற்குள் இந்தக் கேக் சரியாக வர வேண்டும். தங்கள் ஒரு கப் வெண்ணெய் எத்தனை கிராம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பதிலை அலுவலக முகவரிக்கு அனுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
எடையளவு ஆய்வாளர்

பிப்ரவரி 15

தராசு ஆய்வாளருக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பு நலம்.

முப்பது வருடமாக இந்தக் கடையில் எந்தக் கப் என்று ஒருவரும் கேட்டதில்லை. கப் கொக்கியில் தொங்கும். எடுப்பார்கள், மாட்டுவார்கள். மாவையும் சர்க்கரையையும் தராசில் போடுவோம். வெண்ணெய் தராசுத் தட்டில் ஒட்டும். ஒட்டியதைச் சுரண்டினால் நேரம் போகும், சுரண்டாவிட்டால் எறும்பு வரும். அதனால் வெண்ணெய்க்கு மட்டும் கப். அழுத்தி நிரப்பி, கத்தியால் வழித்தால் ஒரு கப். இதில் ஆய்வு செய்ய ஒன்றும் இல்லை.

227 என்று எழுதியவர் கேக்கைத் தின்றவராக இருக்கலாம், செய்தவராக இருக்க முடியாது. எங்கள் கப் அதைவிடக் கொஞ்சம் குறையும். எவ்வளவு என்று நான் பார்த்ததில்லை.

இந்தக் கடிதத்தில் இருப்பது வெண்ணெய் மட்டுமே. வேறு எதையும் தேட வேண்டாம்.

மாவைச் சலிக்கும்போது தூசி பறக்கும். அது சிலருக்கு ஆகாது. உங்கள் வீட்டில் சலிப்பது யார்?

இப்படிக்கு,
பேக்கரி

பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தாங்களும் அடுப்பும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அடுப்பு பற்றிய தகவலுக்கு நன்றி.

கப் எவ்வளவு என்று அறிவது எளிது. கப்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மட்டும் நிறுத்துப் பார்க்கவும். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. வெண்ணெய் தண்ணீரைவிடச் சற்று லேசு. எவ்வளவு லேசு என்று அறிய, அலுவலகத்தின் நூறு மில்லி பித்தளை அளவையில் வெண்ணெயை அழுத்தி நிரப்பி நிறுத்தேன். தொண்ணூற்றைந்து கிராம். எனவே தண்ணீரின் எடையைத் தாங்கள் சொன்னால், நூற்றுக்கு ஐந்து கழித்து வெண்ணெயின் எடையை நான் கண்டுபிடித்துவிடுவேன். மறுநாள் மேலதிகாரி, "என்னய்யா, அளவை எல்லாம் இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டார். பராமரிப்பு என்று சொன்னேன்.

மாவை நான்தான் சலிக்கிறேன். தூசி என்னை ஒன்றும் செய்யாது. தங்கள் அக்கறைக்கு நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
எடையளவு ஆய்வாளர்

மார்ச் 6

தராசு ஆய்வாளருக்கு,

அடுப்பு நலம். எனக்கு முழங்கால் வலி, ஆனால் அது வெண்ணெயைப் பாதிக்காது.

தண்ணீர் நிறுத்தாயிற்று. 210 கிராம். இந்தத் தராசு நீங்கள் முத்திரை வைத்துத் திருத்திய அதே தராசு. பிழை இருந்தால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூசி உங்களை என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பேக்கரி

மார்ச் 21

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம்.

210 மில்லிக்கு வெண்ணெய் 199.5 கிராம். அலுவலகத் தராசில் நிறுத்து, வீட்டுக்கு எடுத்துப்போனேன். இந்த முறை கேக் கவிழ்ந்தது. கவிழ்ந்த பிறகு தட்டிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து தரைக்கும் எண்ணெய் இறங்கியது. என் மனைவி இரண்டு துண்டு சாப்பிட்டாள். "முன்னைக்கு இப்ப தேவலை. இன்னும் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

தாங்கள் கேட்ட தூசி யாருக்கானது என்று ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்தேன். மாவு சலித்தால் என் மனைவிக்குத் தும்மல் வரும். ஜனவரியில் ஒரு வாரம் இருமல் இருந்தது. இப்போது இல்லை. இனி சலிக்கும்போது அவளை மாடிக்கு அனுப்பிவிடுகிறேன்.

அடுத்து, வெண்ணெய் இல்லாத ஒரு பாரா. மன்னிக்கவும். எங்கள் தெருவில் இரண்டு பேக்கரிகள் இருக்கின்றன. இரண்டையும் தாண்டும்போது அவள் நடை தானாகவே மெதுவாகும். கண்ணாடிக்குள் பார்ப்பாள், எதுவும் வாங்க மாட்டாள். ஒருநாள், "இவங்க ரொட்டியை ஆறவிடாம அறுக்கறாங்க" என்று அவர்கள் மேல் கோபப்பட்டாள். அது அவர்கள் மேல் வந்த கோபம் இல்லை. தாங்கள் ஒரு வரி எழுதினால் என்ன? இல்லை, அவளை எழுதச் சொல்லட்டுமா? யாராவது ஒருவர் ஆரம்பித்தால் போதும் என்பது என் பணிவான கருத்து.

தங்கள் உண்மையுள்ள,
எடையளவு ஆய்வாளர்

மே 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நலமறிய ஆவல். உண்மையாகவே ஆவல், ஏனென்றால் ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்டேன். "சார், உங்களுக்கு வந்தா நான் என்ன வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப் போறேன்?" என்று நேற்று கோபித்துக்கொண்டார்.

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்தவன் என்று என்னைச் சொல்லலாம். முந்தைய கடிதத்தின் கடைசிப் பாராவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் துறையில் தவறாக வைத்த முத்திரையை அழிக்க ஒரு உளி உண்டு. அந்த உளியால் அந்தப் பாரா அழிக்கப்பட்டதாகக் கொள்ளவும்.

இனி கேள்வி வெண்ணெய் பற்றி மட்டும்: 199.5 கிராம் அதிகம். கப்பை மறுபடி அளக்க முடியுமா?

தங்கள் உண்மையுள்ள,
எடையளவு ஆய்வாளர்

மே 8

தராசு ஆய்வாளருக்கு,

முழங்கால் பரவாயில்லை. அடுப்பும் பரவாயில்லை.

எந்தப் பாராவைச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய தாளில் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை. வெண்ணெய் வரை படித்தேன், கீழே தெரியவில்லை.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அன்று தண்ணீரை நிறுத்தது எங்கள் மாஸ்டர். இருபது வருடமாக இந்த அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர், ஆனால் வெண்ணெய்க் கப்புக்குப் பதில் பால் கப்பை எடுத்துவிட்டார். வயதாகிறது. சரியான கப்பில் தண்ணீரை நானே நிறுத்தேன். 105 கிராம்.

சென்ற கடிதத்தில் ஒரு குறை. கேக்கை யார் தின்றார்கள், தின்றவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. பேக்கரிக்காரருக்கு அதுதான் முக்கியம். விரிவாக எழுதவும். தின்னும்போது முகம் எப்படி இருந்தது, சரியாகத் தூங்குகிறாரா, உடம்பு இளைத்திருக்கிறதா என்பதெல்லாம் கேக்கின் தரத்தைக் காட்டும்.

இப்படிக்கு,
பேக்கரி

ஜூன் 1

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தாங்களும் முழங்காலும் அடுப்பும் மாஸ்டரும் நலம் என்று நம்புகிறேன்.

105 மில்லிக்கு வெண்ணெய் ஏறத்தாழ நூறு கிராம். அதன்படி செய்தேன். கேக் நன்றாக எழுந்தது, நன்றாகச் சிவந்தது, கத்தி இறங்கவில்லை. இப்போது அது எங்கள் படுக்கையறைக் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தின்றவரைப் பற்றி விரிவாக: என் மனைவி ஒரு மூலையை உடைத்துக் காபியில் நனைத்துச் சாப்பிட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு நடந்த பேச்சு இது:

"சரியா வர நாளாகுங்க. அவசரமே இல்ல. இன்னும் நாலஞ்சு தடவை செஞ்சு பாருங்க."

"அளவுதான் பிடிபட மாட்டேங்குது."

"அதெல்லாம் மெதுவா பிடிபடும். இன்னிக்குத் தபால் வந்துச்சா?"

"எந்தத் தபால்?"

"சும்மா, பொதுவா கேட்டேன்."

உடம்பு இளைக்கவில்லை. சொல்லப்போனால் இந்த நான்கு மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள். சில நாட்களாகப் பாத்திரம் கழுவும்போது ஏதோ பாடுகிறாள். அடுக்களைக்கு நான் போனால் நிறுத்திவிடுகிறாள்.

இருநூறு கிராம் போட்டால் எண்ணெய், நூறு போட்டால் கல். சாதாரண ஆள் என்றால் இரண்டுக்கும் சராசரி எடுப்பான். தவறான இரண்டு அளவுகளின் சராசரி சரியான அளவாகாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். அந்தத் தவற்றை நான் செய்ய மாட்டேன்.

ஆகவே கடைசி வேண்டுகோள். அந்தக் கப்பையே பார்சலில் அனுப்பிவைக்கவும். அளந்து பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
எடையளவு ஆய்வாளர்

ஜூன் 27

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நலம். நலம்தானே?

பார்சல் வந்தது. வைக்கோலும் பழைய செய்தித்தாளும் சுற்றி, நடுவில் கப். கூடவே, 'இதோ கப். முப்பது வருடம் உழைத்தது. உடைக்க வேண்டாம்' என்ற சீட்டு.

அளந்தேன். முந்நூறு மில்லி. சென்ற முறை 105 சொன்னீர்கள், அதற்கு முன் 210. முப்பது வருடம் உழைத்த கப் இந்த மூன்று மாதத்தில் இப்படி வளர்வதற்கு உலோகவியலில் விளக்கம் இல்லை. கப்பைத் திருப்பினேன். அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் பாத்திரக் கடையின் தேதி முத்திரை, ஜூன் 11.

வீட்டுக்குக் கொண்டுபோய், ஆய்வுக்கு வந்த பொருள் என்று சொல்லி மேசையில் வைத்தேன். என் மனைவி கையில் எடுத்தாள். அடியைப் பார்த்தாள். அப்படியே அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, வெங்காயம்" என்கிறாள். வெங்காயத்துக்குச் சிரிக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்மா, ஒன்பது வருடமாகப் பொய் அளவுகளைப் பிடிக்கிறவன் நான். அடியில் மெழுகு ஒட்டிய படி, காந்தம் வைத்த தராசு, ஓட்டை போட்டு அடைத்த எடைக்கல் எல்லாம் பார்த்திருக்கிறேன். அவை எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஏமாற்றுகிறவன் எப்போதும் ஒரே பக்கமாக, குறைத்துத்தான் தருவான். தாங்கள் கூட்டிச் சொல்கிறீர்கள், பிறகு குறைத்துச் சொல்கிறீர்கள், அதன் பிறகு கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியும் அனுப்புகிறீர்கள். இதில் தங்களுக்கு என்ன லாபம் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. எங்கள் சட்டப்படி இது மோசடியே இல்லை. அப்படியானால் இது என்ன?

குழப்பத்துடன்,
எடையளவு ஆய்வாளர்

ஜூலை 10

மாப்பிள்ளைக்கு,

நலம். முழங்கால் உட்பட எல்லாம் நலம். நீங்களும் அவளும் நலமாக இருக்க வேண்டும்.

பட்டர் கேக்குக்கு வெண்ணெய் நூற்றைம்பது கிராம்.

மாவு எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை, சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு முட்டை, முட்டை எவ்வளவோ அவ்வளவு வெண்ணெய். மூன்று முட்டையை உடைத்து நிறுத்துப் பாருங்கள், நூற்றைம்பதைச் சுற்றித்தான் வரும். நான்கும் சம எடை. இது தெரியாத பேக்கரிக்காரர் எந்த ஊரிலும் கிடையாது. உங்கள் தெருவிலேயே இரண்டு பேக்கரி என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே போய் ஒருவரைக் கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததைப் போல, துண்டுத் தாளில் 150, 150 என்று பார்த்த பிறகும் கப், கப் என்று அலைந்தீர்கள். கப்பைப் பற்றி இவ்வளவு அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான், கேக்கைப் பற்றி இவ்வளவு அறியாதவரும் நீங்கள் ஒருவர்தான்.

இருநூறும் நூறும் எழுதிய பிறகு எனக்கே திக்கென்றது. கூட்டி இரண்டால் வகுத்துவிடுவாரோ என்று மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. வகுக்க மாட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்று மாஸ்டருக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். உங்கள் துறை வாழ்க.

பால் கப் விஷயம் பொய். மாஸ்டர் பாவம், அன்றைக்கே சண்டைக்கு வந்தார்.

"ஏம்மா, நூத்தம்பதுன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. எதுக்கு அந்தப் புள்ளையப் போட்டு இப்படிப் பாடாப் படுத்தறீங்க?"

"உன் வேலையப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். என் தலையில பால் கப்பக் கவுத்தீங்களே, அதையும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

எண்ணெய்க் கறையும் பொய். அந்தப் பாராவைப் படித்தேன். எத்தனை தடவை என்று உங்களைப் போல எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ஆறு வாரம் எழுதிக் கிழித்த தாள்கள் எல்லாம் கேக் டின்னுக்கு அடித்தாளாகப் போயின. வாடிக்கையாளர் ஒருவர் கேக்கின் அடியில் 'கண்ணே' என்று எழுத்து ஒட்டியிருக்கிறது, இது புது மாடலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

லாபம் என்ன என்று கேட்டீர்கள். முதல் கடிதத்திலேயே நூற்றைம்பது என்று எழுதியிருந்தால், நன்றி என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பீர்கள். அடுத்த கடிதத்துக்கு நான் எங்கே போவேன்? கேக் கெட்டுப்போனால்தான் நீங்கள் எழுதுவீர்கள். எழுதினால் நடுவில் எங்காவது ஒரு வரி அவளைப் பற்றி இருக்கும். பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள் என்று ஒரு வரி எழுதினீர்களே, அதற்கு இரண்டு கேக் கெட்டால் என்ன? கெட்டது உங்கள் வெண்ணெய்தானே.

விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்குச் சரியாகச் செய்யுங்கள். இனி எழுதக் காரணம் இல்லாததால் எழுதமாட்டீர்கள் என்று தெரியும்.

அன்புடன்,
அத்தை

ஜூலை 30

அம்மாவுக்கு,

நான் நலம். உனக்கு முழங்கால் வலி என்று மார்ச்சிலேயே தெரியும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? கொடுக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இவர் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து, மேசை இழுப்பறையில் எடைக்கற்களுக்குக் கீழே, தேதி வாரியாக அடுக்கி வைப்பார். ஒளித்து வைக்கிறாராம். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரியாதா? 210 என்று நீ எழுதியிருந்த இடத்தில்தான் முதலில் சந்தேகம் வந்தது. முட்டை அளவுதான் வெண்ணெய் என்று, கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஏறி நிற்கும் வயதிலேயே எனக்குத் தெரியும். பொய் எழுதுகிறாய் என்று புரிந்தது. ஏன் என்று யோசித்தேன். அதுவும் புரிந்தது.

நூற்றைம்பது என்று இவரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் கடிதம் நின்றுவிடும். அதனால் சொல்லவில்லை. உன் பொய்க்கு ஒரு கேக் வீதம் உட்கார்ந்து தின்றேன் அம்மா. அந்த மூன்றாவது கேக்கைத் தின்றபோது ஒரு கடைவாய்ப் பல் ஆடியது. அப்போதும் 'இன்னும் நாலஞ்சு தடவை செஞ்சு பாருங்க' என்றுதான் சொன்னேன்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு இவர் இரண்டு நாள், கப்பைப் பார்த்து நான் சிரித்த வெங்காயச் சிரிப்பையே யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்து, "உனக்கும் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "ஆக, இந்த மொத்த விஷயத்துல சரியான அளவு தெரியாதவன் நான் ஒருத்தன்தான்" என்றார். ஆமாம் என்றேன். ஊரிலேயே முத்திரை வைக்க அதிகாரம் உள்ள ஆள் அவர்தான் என்பதை நினைத்தாரோ என்னவோ, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நூற்றைம்பது கிராம் போட்டுச் செய்தார். சொன்னால் நம்ப மாட்டாய், அதுவும் நன்றாக இல்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் பத்து நிமிடம் அடிக்க வேண்டிய இடத்தில், இரண்டு நிமிடத்தில் நிறுத்தி எடை மாறியிருக்கிறதா என்று நிறுத்துப் பார்க்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓவன் கதவைத் திறந்து சூடு பார்க்கிறார். நடுவில் குழி விழுந்த கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு, "அளவு சரி, கை சரியில்லை. உங்கம்மா கைதான் வேணும்" என்கிறார். அதை நானே சொல்லியிருப்பேன். அவர் சொன்னதாகவே இருக்கட்டும், அவருக்கும் இதில் ஒரு வெற்றி வேண்டாமா?

கல்யாணச் செய்தி தெரிந்த அன்றைக்கு நீ, "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னாய். மூன்று வருடமாக மிதிக்கவில்லை. உன் பேச்சை நான் கேட்பதே இல்லை என்பாயே, இதையாவது கேட்டேன். ஆனால் என் வாசப்படியை நீ மிதிக்கக்கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு படிதான், உன் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது.

பத்தொன்பதாம் தேதிக்கு வா.

உன் மகள்

ஆகஸ்ட் 5

கண்ணே,

நலம். மாஸ்டரிடம் கடையை ஒப்படைத்தாயிற்று. "ஒரு வாரம்தானேம்மா?" என்கிறார். ஒரு மாதம் என்று இன்னும் சொல்லவில்லை. அடுப்பு மேல் எனக்கு இப்போது அக்கறை இல்லை.

பதினாறாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். வெண்ணெய் வாங்காதே, நல்லதாகக் கொண்டுவருகிறேன். சலிக்கும்போது மட்டும் நீ மாடிக்குப் போ. மாப்பிள்ளையை ரயிலடிக்கு அனுப்பு, மூட்டை கனம். எத்தனை கிலோ என்று அங்கேயே நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பு.

அம்மா